அம்மா கல்லறைக்கு மருந்து அடிக்க வேண்டாம்

குழு: பெரியவீடு, கொடைக்கானல்

அந்தோணி: கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. இன்று அம்மா கல்லறையைப் பார்த்தேன், இடுப்பு உயரம் புதர். களைக்கொல்லி ஒரு கேன் வாங்கியாச்சு. சனிக்கிழமை ஆள் வைத்து அடித்துவிடலாம்.

செல்வி: சரி. ஆளுக்கு எவ்வளவு?

லூர்து: தம்பி, மருந்து வேண்டாம்.

ஜெனி: ஏன் பெரியப்பா?

லூர்து: கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. ஐப்பசி மழையில் மருந்து அப்படியே ஓடைக்குப் போகும். கீழ்வீட்டுக்காரர்கள் அங்கேதான் குடம் வைக்கிறார்கள். ராத்திரி காட்டுமாடு மேய்வதும் அந்தப் புல்லைத்தான். அப்புறம், அம்மா தலைமாட்டில் இடது பக்கம் உட்கார்ந்து பார். முழங்கால் உயரத்தில் நாலைந்து செடி நிற்கும். இலை ஓரம் பல் பல்லாக, நரம்பு ஆழமாக இருக்கும். அது களை இல்லை, குறிஞ்சி. அம்மா இறந்த 2018இல் மேல் சரிவு முழுக்கப் பூத்ததே, அதன் விதையில் வந்தது. பூத்த செடி காய்ந்துவிடும். விதையில் வருவது 12 வருஷம் கழித்துத்தான் பூக்கும். 2030 வரை காப்பாற்றினால் அம்மா தலைமாட்டிலேயே பூக்கும்.

ஜெனி: அது குறிஞ்சியா! போன வருஷம் நானே பிடுங்கப் பார்த்தேன்.

பிரவீன்: அம்மா, மதுரையிலிருந்து காரில் வந்தால் இ-பாஸ் வேண்டுமா?

செல்வி: 2024 மே மாதத்திலிருந்தே கேட்கிறார்கள். பஸ்ஸில் வந்துவிடு. வழியில் நிலக்கோட்டையில் செவ்வந்தி நாலு கிலோ.

பிரவீன்: மலர்வளையம் ரெடிமேடாகவே வாங்கிவிடவா?

லூர்து: தெர்மாகோல் வளையம் வேண்டாம் கண்ணு. போன வருஷம் ஒரு காட்டுமாடு ஜிகினாவோடு மென்றுகொண்டு நின்றது. வாயிலிருந்து பச்சை நாடா தொங்கியது. வாழைநாரில் கட்டிய மாலை போதும்.

அந்தோணி: அண்ணே, எல்லோரும்தான் அடிக்கிறார்கள். ஃபாதரே ஒன்றும் சொல்லவில்லை.

லூர்து: எல்லோரும் செய்தால் சரியாகிவிடுமா? தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும்தானே ஆண்டவர் மனிதனை அங்கே வைத்தார்? அசிசி பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக 1979இலேயே போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். அந்தப் பெயரை வைத்துக்கொண்ட போப் பிரான்சிஸ் 2015இல் பூமி நம் பொது இல்லம் என்று சுற்றுமடலே எழுதினார். அவ்வளவு தூரம் ஏன்? சேசு சபை மேத்யூ சாமியார் இந்தப் பழனி மலைச் செடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு 1999இல் மூன்று தொகுதி நூலாகக் கொண்டுவந்தார். பூசை வைத்த கைதான் செடியையும் காயவைத்துத் தாளில் ஒட்டியது. நம் அப்பாவும் உபதேசியாராக இருந்தபோது என்ன சொல்வார்? பேர் தெரியாத செடியைப் பிடுங்காதே என்பார். அம்மாவுக்காக ஜெபிக்கப் போகிற இடத்தில் விஷம் ஊற்றிவிட்டு எப்படி முழங்கால் போடுவது?

ஜெனி: தாத்தா பேசுகிற மாதிரியே இருக்கிறது.

பிரவீன்: ஆமென் மாமா.

செல்வி: அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் யார் கை வைப்பது? கல் வைத்தபோதும் பேச்சுதான் நடந்தது, என் பேர் விட்டுப்போனது.

அந்தோணி: அக்கா, அது இப்போது எதற்கு?

செல்வி: எப்போது கேட்டாலும் இதே பதில்தான்.

லூர்து: பேரைச் சேர்த்துவிடலாம் செல்வி. நானே கல்தச்சரிடம் பேசுகிறேன்.

செல்வி: போன வருஷமும் சொன்னீர்கள்.

ஜெனி: சனிக்கிழமை நான் வருகிறேன். கையாலேயே பிடுங்கலாம். எதை விடுவது, எதை எடுப்பது?

லூர்து: சவுக்குக் கன்றை, அந்த வாட்டில் மரத்தின் கன்றைத்தான், வேரோடு எடு. அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், விட்டால் புல்லை மூடிவிடும். குறிஞ்சியைச் சுற்றி நான் குச்சி நட்டு வைக்கிறேன்.

அந்தோணி: எனக்கு முதுகு பிடிக்கிறது. சரி, காலை ஏழுக்கா?

செல்வி: பூசை முடிந்து எட்டரை.

பிரவீன்: பஸ் பத்துக்குத்தான் வரும்.

அந்தோணி: அப்போ இந்தக் கேனை என்ன செய்ய? கடையில் திருப்பி எடுப்பார்களா?

லூர்து: சீல் உடைக்காதே. நாளை நானும் வருகிறேன், கேட்டுப் பார்ப்போம்.

செல்வி: களைக்கொத்து யார் வீட்டில் இருக்கிறது? பொங்கலுக்கு அந்தோணி எடுத்துப்போனது இன்னும் வரவில்லை.