மேற்பொறியா, மேல்முத்திரையா, மேன்முத்திரையா? மணிலாக் காசுக்கு மூன்று சொற்கள்

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பிலிப்பைன்சின் குடியேற்றக் கால வெள்ளிக் காசுகளைச் சேகரிப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்களில் நிற்கிறேன்: கவுண்டர்மார்க் (அடித்து முடித்த காசில் ஓரிடத்தில் பின்னால் குத்தும் முத்திரை), ஓவர்ஸ்டிரைக் (பழைய காசின் முழு முகத்தையும் மீண்டும் அடிப்பது), சாப்மார்க் (சீன வணிகர் வெள்ளியைச் சோதித்துக் குத்தும் குறி). மூன்றும் காசு அக்கசாலையை (காசடிக்கும் சாலையை) விட்டு வெளியே வந்த பிறகு அதன்மேல் விழுபவை. ஆனால் ஒவ்வொன்றும் விலையை ஒவ்வொரு விதமாக மாற்றும். அதனால் மூன்றையும் ‘முத்திரை’ என்று எழுதிக் கடந்துவிட முடியவில்லை.

பின்னணி தெரியாதவர்களுக்கு: மெக்சிகோவும் தென்னமெரிக்க நாடுகளும் ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட பின் அடித்த எட்டு ரியால் வெள்ளிகள் வணிகத்தின் வழியே மணிலாவுக்கு வந்தன. வெள்ளி தேவை, குடியரசுகளின் பெயர் தாங்கிய காசு புழங்குவது மட்டும் ஸ்பானிய ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. 1828இல் ஆளுநர் மரியானோ ரிக்காபோர்ட் காலத்தில் பெரிய அச்சு ஒன்றால் காசின் முகத்தையே மறைத்தார்கள். ஒரு பக்கம் அரச சின்னமும் ‘ஹபிலிதாதோ’ என்று தொடங்கும் வாசகமும், மறுபக்கம் ‘மணிலா 1828’. 1832இல் அதை விட்டு, முடியின் கீழ் ‘எஃப் 7’ என்ற சிறு வடிவுக்கு மாறினார்கள். அந்த ‘எஃப் 7’ ஸ்பானிய அரசர் ஏழாம் பெர்னாண்டோ; அவர் 1833 செப்டம்பரில் இறந்தார். 1834 முதல் 1837 வரை அரசி இரண்டாம் இசபெலுக்காக ‘ஒய் 2’. அவர் பெயரை ஒய் எழுத்தில் தொடங்கும் பழைய எழுத்துமுறை அது.

என் வரைவு: எதிர்முத்திரை, மேலடி, வணிகர் குறி. திருத்தித் தாருங்கள்.

புலவர் ஐயா, திங்கள் பிற்பகல்

‘எதிர்முத்திரை’ வேண்டாம், அம்மா. எதிர்க்கட்சி, எதிர்மனு என்று பழகிய காதுக்கு, அது ஏற்கெனவே உள்ள முத்திரையை மறுக்க வந்தது போலக் கேட்கும். இங்கே முத்திரை காசை மறுக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறது.

அரசு ஒரு பொருளின்மேல் தன் அடையாளத்தை இட்டு வெளியே விடுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களை என்ன செய்தார்கள்? ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ என்கிறது பட்டினப்பாலை. மணிலாவில் நடந்ததும் அதுவே; புலிக்குப் பதில் முடி. ஆகவே கவுண்டர்மார்க் என்பது மேல் + பொறி = மேற்பொறி. வினையும் தானே அமைகிறது: மேற்பொறித்தான், மேற்பொறித்த காசு.

சாப்மார்க்குக்குச் சிலம்பு இருக்கிறது. ‘வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’. வேற்றூர் வணிகர் தம் பெயரை மூட்டையில் இட்ட எழுத்து கண்ணெழுத்து. அரசு இட்டால் பொறி, வணிகர் இட்டால் கண்ணெழுத்து. இதைவிடத் தெளிவான பிரிப்பு எந்த மொழியிலும் கிடைக்காது.

காசு சேர்ப்பவர், திங்கள் இரவு

ஐயாவின் மேற்கோள்கள் இரண்டும் பொருத்தமானவை. ஆனால் மேற்பொறியில் மூன்று இடர்கள்.

ஒன்று, நம் பாடநூல்களில் ‘முத்திரை பொறிக்கப்பட்ட நாணயங்கள்’ என்றால் பழைய இந்திய வெள்ளித் துண்டுகள். அங்கே முத்திரைதான் காசின் முதல் உருவமே. இங்கே ஒருமுறை முழுமையாக அடித்து முடித்த காசின்மேல் இரண்டாவதாக விழுகிறது. ‘மேல்’ என்ற ஒரு சொல்தான் இரண்டையும் பிரிக்கிறது. விற்பனைப் பட்டியலில் அது முதலில் உதிர்ந்துபோகும். இரண்டு, ‘பொறி’ இன்று எந்திரம். மூன்று, றகரம் மாறினால் மேற்பொரித்த காசு. அச்சுப்பிழை வராது என்று யாராலும் உறுதி தர முடியாது.

சொல் எதுவானாலும் அது எந்த வாக்கியங்களில் உட்கார வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். ‘ஒய் 2’ காசை வாங்குபவர் பார்ப்பவை இவை.

முதலில் தாய்க்காசின் ஆண்டு. (அடியில் உள்ள மூலக்காசைத் தாய்க்காசு என்கிறேன், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) லிமாவில் 1833இல் அடித்த பெரு காசில் ‘ஒய் 2’ இருந்தால் காலம் பொருந்தும். 1840ஆம் ஆண்டுக் காசில் இருந்தால் அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை, போலி. போலி செய்பவர்கள் மெய்யான, மலிவான பழைய வெள்ளியை எடுத்து, புது உளியால் குத்தி விலையேற்றுகிறார்கள். ஆகவே வெள்ளி மெய் என்பது முத்திரை மெய் என்பதற்குச் சான்றாகாது.

அடுத்து, பின்பக்கம். உளி விழுந்த இடத்துக்கு நேர் பின்னே உரு நசுங்கித் தட்டையாகியிருக்க வேண்டும். முன்னே ஆழமான முத்திரையும் பின்னே சேதமில்லாத உருவும் இருந்தால், இரண்டும் சேர்ந்தே வார்ப்பில் வந்திருக்கலாம். பத்து மடங்கு உருப்பெருக்கியில் குமிழ்ப் புள்ளிகளும் விளிம்பில் இணைப்புக் கோடும் தேடுங்கள். பிறகு தேய்மானம்: தாய்க்காசு முன்பே புழங்கியது, முத்திரை பின்னால் வந்தது. ஆகவே முத்திரை தாய்க்காசைவிட அதிகம் தேய்ந்திருக்க முடியாது.

எடை 27.07 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 903 பங்கு. இது மெக்சிகோ அளவு. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் ஏறத்தாழ 2.62 கிராம் குறையும். தேய்ந்த காசில் இரண்டு எண்ணும் இறங்கும், ஆனால் வகுத்தால் 10.3க்கு அருகே நிற்கும். நன்றாக விலகினால் உலோகம் வேறு.

கடைசியாக, முத்திரைக் குழிக்குள் படிந்த கருமை. போலியில் குழிமட்டும் பளபளக்கும், அல்லது பூசிய கறுப்பு ஊசிமுனையில் உதிரும். இந்தச் சான்றைத்தான் நம் வீடுகளில் விபூதியும் புளியும் போட்டுத் தேய்த்து அழிக்கிறார்கள். தேய்த்த காசுக்கு விலை விழுவது அழகு போனதால் மட்டுமல்ல, விசாரிக்க வழியில்லாமல் போனதாலும்தான். நெகிழி உறையின் பச்சைப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் காயவிடுங்கள். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

இவற்றில் எங்கும் ‘முத்திரை’ என்றே இயல்பாக எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? மேல்முத்திரை போதும் என்பது என் கருத்து.

பினாங்கு அன்பர், செவ்வாய் காலை

சாப்மார்க்குக்கு வெளியே போய்த் தேட வேண்டாம். ‘சாப்’ சீனச் சொல் அன்று. இந்தி மொழியின் ‘சாப்’, மலாயில் ‘சாப்’, அங்கிருந்து ஆங்கிலம். பழைய தமிழ் வழக்கில் ‘சாப்பா’. எங்கள் ஊரில் அலுவலக முத்திரைக்கு இன்றும் சாப்புதான். நாமே தந்தனுப்பிய பக்கத்திலிருந்து திரும்பி வந்த சொல்லை ஏன் மறுக்க வேண்டும்? சாப்புக்குறி என்று எழுதுங்கள்.

அதே பாதையில் போனது சராப்பு. காசு சோதிக்கும் சராப், ஆங்கிலேயர் வாயில் ஷ்ராஃப் ஆகிச் சீனத் துறைமுகம் வரை போனது. ஹாங்காங்கில் பணம் கட்டும் இடத்துக்கு இன்றும் அந்தப் பெயர் உண்டு. வெள்ளியைச் சோதித்துத் தன் எழுத்தைக் குத்தியவர் யார்? அந்த வணிகரும் நோட்டக்காரரும்தான். தொழிலின் பெயரும் குறியின் பெயரும் ஒரே திசையிலிருந்து போயிருக்கின்றன. இன்னொன்று: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாங்கள் பணத்தையே ‘வெள்ளி’ என்கிறோம். பத்து வெள்ளி, இருபது வெள்ளி. இந்த வெள்ளி டாலர்களின் காலம் அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது.

கடலூர் அன்பர், செவ்வாய் மதியம்

மணிலா என்றதும் எங்கள் பக்கத்து மணிலாக்கொட்டை நினைவுக்கு வருகிறது. பேச்சில் மல்லாட்டை, மல்லாக்கொட்டை. வேர்க்கடலைக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது போல, சோழமண்டலத் துணிக்கு ஈடாக மணிலா வழியே வந்த வெள்ளிக்கும் இங்கே ஒரு பெயர் இருந்திருக்குமா? சென்னையிலிருந்து கப்பலேறிய படைதானே 1762இல் மணிலாவைப் பிடித்தது. போக்குவரத்து இருந்த இடத்தில் சொல்லும் இருந்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மாலை

கடலூர் அண்ணா, ஆசையான கேள்விதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அதற்குள் இறங்க வழியில்லை. இன்னொரு சொல்லும் சேர்ந்துவிட்டது. காசை உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலையான ‘மெல்ட் வேல்யூ’வுக்கு ‘உருக்கு மதிப்பு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தவர், ‘இரும்பு மதிப்பா?’ என்று கேட்கிறார்.

காசு சேர்ப்பவர், செவ்வாய் இரவு

கேட்பார்கள். சேலம் உருக்காலை இருக்கும்வரை உருக்கு என்றால் எஃகுதான். ‘வெள்ளி மதிப்பு’ என்றே எழுதுங்கள். பிலிப்பைன்சில் அமெரிக்கர் ஆட்சிக் காலத்துப் பெசோ காசு முழுவதுக்கும் அது திறவுகோல். 1903 பெசோ 26.96 கிராம், ஆயிரத்துக்கு 900; உள்ளே 24.26 கிராம் தனிவெள்ளி. முகமதிப்பு அரை அமெரிக்க டாலர். 1905, 1906இல் வெள்ளி விலை ஏறியதும் வெள்ளி மதிப்பு முகமதிப்பைத் தாண்டியது. காசு கப்பலேறியது, உருக்கப்பட்டது. 1907இல் 20 கிராம், ஆயிரத்துக்கு 800 என்று குறைத்தார்கள். உள்ளே 16 கிராம். பட்டியலில் இரண்டையும் ‘வெள்ளி பெசோ’ என்று ஒன்றாகப் போட்டால் வாங்குபவர் மூன்றில் ஒரு பங்கு வெள்ளியை இழப்பார்.

1906இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தவை 2,01,000 மட்டும். பெரும்பகுதி உலைக்குப் போனது. அந்த ஆண்டுக் காசில் விலை வெள்ளியில் இல்லை, ‘எஸ்’ என்ற சிறு எழுத்தோடு சேர்ந்த ஆண்டில் இருக்கிறது. அந்த எழுத்துக்கு அக்கசாலைக் குறி என்று வழங்குகிறோம். இதனால்தான் ‘வணிகர் குறி’, ‘சாப்புக்குறி’ இரண்டிலும் எனக்குத் தயக்கம். ‘குறியுள்ள காசு’ என்று சுருக்கினால் எந்தக் குறி என்று தெரியாது. அக்கசாலைக் குறி மதிப்பைக் கூட்டும். வணிகர் குறி சீனக் குத்துகளை விரும்பிச் சேர்ப்பவரிடம் கூட்டும், மற்றவரிடம் குறைக்கும். பலமுறை குத்து வாங்கிய வெள்ளி கிண்ணம்போல் குழிந்து, எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்கும் நிலைக்கு வந்ததும் உண்டு.

யாழ்ப்பாண அன்பர், புதன் காலை

மேல்முத்திரை என்று புணர்க்காமல் எழுதுவது எனக்கு உறுத்துகிறது. லகரம் மகரத்தின் முன் னகரமாகும்: மேல் + மை மேன்மை, மேல் + மக்கள் மேன்மக்கள். எங்கள் நாட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்றுதான் பெயர்ப்பலகையே இருக்கிறது. யாருக்கும் விளங்காமல் போகவில்லை. தாங்கள் தமிழகத்தில் மேல்முறையீடு என்று எழுதிப் பழகியதற்காகப் புதுச்சொல்லையும் அதே வழியில் ஆக்க வேண்டுமா? மேன்முத்திரை.

புலவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. கண்ணெழுத்து வணிகருடையது என்றீர்கள். அதே சிலம்பில் ‘கண்ணெழுத்தாளர் காவல் வேந்தன்’ என்று வருகிறதே. அங்கே அவர்கள் அரசனின் ஓலை எழுதுபவர்கள். அரசுக்குப் பொறி, வணிகருக்குக் கண்ணெழுத்து என்ற பிரிப்பு அந்த நூலுக்குள்ளேயே நிற்கவில்லை.

புலவர் ஐயா, புதன் பிற்பகல்

கண்ணெழுத்தாளரை மறந்துவிடவில்லை. ஒரே சொல் அரச ஓலையிலும் வணிகப் பொதியிலும் வந்தால், இன்னார் உடையது என்று காட்டும் எழுத்து என்பதே அதன் அடிப்பொருள். சீன வணிகர் குத்தியதும் அதுவே. அரச முத்திரைக்கு வேறு சொல் வைத்துவிட்டால் குழப்பம் வராது. புணர்ச்சியில் உங்கள் பக்கம்தான் இலக்கணம் இருக்கிறது. மேன்முத்திரைக்கு என் வாக்கு, மேற்பொறி இல்லையென்றால்.

இன்னொரு வழியும் உண்டு. ‘ஹபிலிதாதோ’ என்றால் செல்லுபடியாக்கப்பட்டது என்று பொருள். காசு செல்லும், செல்லாது என்பது நம் பேச்சு. ஆகவே செல்முத்திரை.

காசு சேர்ப்பவர், புதன் மாலை

செல்முத்திரை அழகு. மணிலாவுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் கடைக்காரர் விளம்பரத்துக்குக் குத்தியதும் கவுண்டர்மார்க்கில்தான் அடங்கும். அதனால் காசு செல்லத் தொடங்குவதில்லை. ஒரு நாட்டுக்கு மட்டும் பொருந்தும் சொல் கலைச்சொல் ஆகாது.

ஓவர்ஸ்டிரைக்குக்கு ‘மேலடி’ வேண்டாம். கீழடிக்கு எதிர்ச்சொல் போல நிற்கிறது. ‘மறுவடிப்பு’ என்று சேர்த்தால் சோறு வடிக்கிறோம். ‘மறு அடிப்பு’ என்று பிரித்தே எழுதலாம். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து முழு முகத்தையும் மீண்டும் அடித்தால் மறு அடிப்பு. சிறு உளியால் ஓரிடத்தில் குத்தினால் மேல்முத்திரை. 1828 காசு நடுவில் நிற்கிறது: அச்சு முகத்தை மூடுகிறது, ஆனால் ஓரத்தில் பழைய குடியரசின் எழுத்து எட்டிப் பார்க்கும். அடியில் எந்த நாட்டுக் காசு என்று அந்த எழுத்தைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். நான் அதை மறு அடிப்பில் வைப்பேன். மேல்முத்திரையில் வைப்போரும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

நாளைக் காலை கோப்பை அனுப்ப வேண்டும். கிடைத்த கருத்துகளை எண்ணினேன். மேல்முத்திரை 5, மேன்முத்திரை 3, மேற்பொறி 1. ஓவர்ஸ்டிரைக்குக்கு மறு அடிப்பு, மறுப்பில்லை. வெள்ளி மதிப்பு, மறுப்பில்லை. சாப்மார்க்கில் கண்ணெழுத்தும் சாப்புக்குறியும் சரிபாதி. உள்ளே ‘வணிகர் கண்ணெழுத்து’ என்றும், முதல் இடத்தில் மட்டும் ‘சாப் என்று வழங்குவது’ என்றும் எழுதுகிறேன். 1828 வகையை மறு அடிப்பில் வைத்து, மேல்முத்திரையிலும் பார்க்க என்று ஒரு வரி சேர்த்துள்ளேன்.

பக்கம் 14இல் வரும் வாக்கியம் இது: ‘ஒய் 2 மேல்முத்திரை 1837க்குப் பிந்திய தாய்க்காசின்மேல் இருந்தால், முத்திரை போலி, தாய்க்காசை அதன் வெள்ளி மதிப்புக்கோ, மேல்முத்திரையால் சேதமான பழங்காசின் விலைக்கோ மேல் வாங்க வேண்டாம்.’

யாழ்ப்பாண அன்பர், வியாழன் இரவு

வாக்கியம் தெளிவு. போலி முத்திரைக்கு மேன்மை சேர்க்கும் மேன்முத்திரை என்ற பெயரைத் தரவேண்டாம் என்பதால் இந்தப் பக்கத்தில் விட்டுவிடுகிறேன். பின்னிணைப்பில் ‘மேன்முத்திரை என்பதும் வழக்கு’ என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் பக்கத்து வாசகர் அதைத்தான் தேடுவார்.

புலவர் ஐயா, வெள்ளி காலை

மேற்பொறியையும் அதே வரியில் சேருங்கள், அம்மா. றகரத்தை நான் சரிபார்த்துத் தருகிறேன்.