மறுமொழி: ‘இலைப்பருவ வேதிமாற்றம்’ பொருந்துமா?

> இலையின் வயதுக்கேற்ப மூலிகைச் சேர்மங்கள் கூடிக் குறைவதை ‘இலைப்பருவ வேதிமாற்றம்’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

சொல் காதுக்கு இனிது. ஆனால் இரண்டு இடத்தில் இடறுகிறது. பருவம் என்றதும் படிப்பவர் மனம் மழைக்கும் கோடைக்கும் போய்விடும். சேர்மங்கள் அந்தப் பருவத்துக்கேற்பவும் மாறுபவை. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் எது இலையின் வயது, எது காலநிலை என்று பிரிக்க முடியாது.

‘மாற்றம்’ அதைவிடச் சிக்கல். மிளகுப் புதினாவில் இலை முதிரும்போது மென்தோன் என்ற மணச் சேர்மம் ஒடுக்கமடைந்து (ஹைட்ரஜன் ஏற்று) மென்தாலாகிறது. அது உண்மையான மாற்றம். நித்தியகல்யாணியில் இளம் இலையில் வின்டோலின், கேதரான்தின் என்ற இரு ஆல்கலாய்டுகள் (நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மங்கள்) மிகுதி. இவ்விரண்டும் இணைந்து உருவாகும் வின்பிளாஸ்டின் போன்ற இரட்டை ஆல்கலாய்டுகளோ முதிர்ந்த இலையில் கூடுதல். இங்கும் மாற்றம் எனலாம். ஆனால் பல நேரம் எந்த வினையும் நடக்காமலே விழுக்காடு இறங்கும். ஒரு கணக்கு: தளிரின் உலர் எடை 10 மில்லிகிராம், அதில் சேர்மம் 0.1 மில்லிகிராம் என்றால் 1 விழுக்காடு. விரிந்தபின் எடை 40, சேர்மம் 0.2 என்றால் 0.5 விழுக்காடு. இலைக்கு இலை பார்த்தால் சேர்மம் இரட்டித்திருக்கிறது, விழுக்காட்டில் பாதியாகிவிட்டது. நார்ப்பொருள் சேர்ந்து எடை கூடியதுதான் காரணம். இதை ‘வேதிமாற்றம்’ என்றால் சேர்மம் சிதைந்துவிட்டதாகவே வாசகர் எண்ணுவார். ‘மாறுபாடு’ என்றால் இரண்டுக்கும் இடம் உண்டு.

ஆகவே என் பரிந்துரை ‘இலைமுதிர்வு வேதிமாறுபாடு’. ‘மூப்பு’ வேண்டாம்; பச்சையம் சிதைந்து இலை பழுக்கும் கட்டத்துக்கு அதை ஒதுக்கிவைப்போம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று நம்மிடம் படிநிலைப் பெயர்கள் ஆயத்தமாக இருக்கின்றன. அட்டவணைத் தலைப்புகளுக்கு அவையே போதும்.

அளவிடும்போது அந்தப் பெயர்கள் மட்டும் போதா. நித்தியகல்யாணியில் இலைகள் எதிரெதிர் இணைகள். நுனியிலிருந்து முழுதும் விரிந்த முதல் இணையை 1 என வைத்துக் கீழ்நோக்கி எண்ணலாம். இதிலும் ஒரு பொறி உண்டு: கீழ் இலை வயதில் மூத்தது மட்டுமல்ல, நிழலிலும் கிடக்கிறது. வயதின் விளைவும் வெளிச்சத்தின் விளைவும் கலந்துவிடும். இலை 1 செ.மீ. நீளம் எட்டிய நாளிலேயே காம்பில் நூல் கட்டி, நாள் கணக்கில் பறிப்பதே நம்பகமானது. எல்லா இலைகளையும் நாளின் ஒரே நேரத்தில் பறித்து ஒரே முறையில் உலர்த்த வேண்டும்.

---

> என் பரிந்துரை ‘இலைமுதிர்வு வேதிமாறுபாடு’

‘மாறுபாடு’ எனக்கும் உடன்பாடே. ‘இலைமுதிர்வு’ பற்றி ஒரு திருத்தம். ஓர் இலை முழுதும் ஒரே வயதன்று. தாங்கள் காட்டிய மிளகுப் புதினாவிலேயே இலையின் நுனி முதலில் முதிர்கிறது, அடிப்பகுதி பிந்துகிறது. நுனியில் மென்தால் கூடுதல், காம்புப் பக்கம் மென்தோன் கூடுதல். நடுவில் மட்டும் வட்டத்துண்டு வெட்டி ஆய்ந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண் கிடைக்கும். அது இலையின் எண் ஆகாது. முழு இலையையும் அரைக்க வேண்டும், அல்லது வெட்டிய இடத்தைக் குறிப்பிட வேண்டும்.

எனவே இரண்டு சொற்களாகப் பதிவோம்: வெவ்வேறு வயது இலைகளை ஒப்பிட்டால் ‘இலைமுதிர்வு மாறுபாடு’, ஒரே இலையின் நுனியையும் அடியையும் ஒப்பிட்டால் ‘திசுமுதிர்வு மாறுபாடு’. தலைப்பிலேயே ‘வேதி’ இருக்கும் கட்டுரையில் அதை ஒவ்வொரு முறையும் சேர்க்கத் தேவையில்லை.