அம்மா ரூமுக்குச் செய்த ஏர் ப்யூரிஃபையர்: காத்து நல்லா வருது, ஆனா சுத்தமாகலை. எங்கே தப்பு?

வடசென்னைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு கீமோ நடந்துக்கிட்டிருக்கு. சளி, இருமல் உள்ளவங்களை அண்ட விடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. என் பையனோ ஸ்கூல்லேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு சளியைக் கொண்டு வர்றான். ஒரே வீடு, என்ன பண்றது? கிருமியைக் கொஞ்சமாவது வடிகட்டட்டும்னு நானே ஒரு மெஷின் செஞ்சேன்.

20 லிட்டர் பெயிண்ட் பக்கெட், சுத்தி ஓட்டை போட்டது. உள்ளே உருளை ஹெபா ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய துகளையும் பிடிக்கிற வகை), ஹெச்13 தரம். மூடியில வட்டமா வெட்டி ரிட்சி ஸ்ட்ரீட்ல வாங்கின 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு. பக்கெட்டுக்குள்ள ஊதா கலர் யு.வி. எல்.இ.டி. பட்டையும் ஒட்டியிருக்கேன்.

ரூம் 12க்கு 10, உயரம் 10 அடி. அம்மாவைப் பக்கத்து வீட்டு அத்தைகிட்ட உட்கார வெச்சிட்டு, கதவைச் சாத்தி ஊதுபத்தி ஏத்திப் பார்த்தேன். காத்துல இருக்கிற நுண்துகளை அளக்கற பி.எம். 2.5 மீட்டர் 400 காட்டினதும் பத்தியை அணைச்சேன். மெஷின் ஓடி அரை மணி நேரத்துல 290. மறுநாள் மெஷின் போடாமலே பார்த்தா 330. இவ்வளவுதானா வித்தியாசம்? மூடி மேல கை வெச்சா காத்து ஜம்முனு வருது. ஃபில்டர் போலியா?

சாலிடர்கை:
சிஸ்டர், நீங்க கடைசியா எழுதினதுலதான் விடை இருக்கு. அந்த ஃபேன் தள்ளக்கூடிய அழுத்தம் தண்ணி அளவுல ரெண்டு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ஹெபா தாள்ல நாரெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்கும். அதன் வழியா மட்டும் காத்து வந்தா கையில லேசாத்தான் படணும். ஜம்முனு வருதுன்னா காத்து வேற வழியில வருதுன்னு அர்த்தம். ஃபில்டரோட மேல் வளையம் மூடியில உட்கார்ற இடத்துல ஸ்பாஞ்ச் வெச்சீங்களா? மெல்லிசா கிழிச்ச டிஷ்யூ பேப்பரை அந்த இடுக்குல காட்டிப் பாருங்க. உள்ளே இழுத்தா அங்கதான் ஓட்டை.

வடசென்னைக்காரி:
அண்ணா, இழுக்குது. மூடிக்கும் ஃபில்டருக்கும் நடுவுல ஒரு விரல் நுழையற இடம் இருக்கு. அடியிலயும் சரியா உட்காரலை. பார்த்ததும் நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. பத்து நாளா இதை நம்பித்தான் அம்மா பக்கத்துல பையனை விட்டேன்.

நுண்ணுயிர்மாணவி:
அக்கா, அதை நினைச்சு வருத்தப்படாதீங்க. அளந்து பார்த்ததாலதான் இப்போ தெரிஞ்சுது. அந்த யு.வி. பட்டையைக் கழட்டிடுங்க. கண்ணுக்கு ஊதாவா தெரியற பட்டைகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர் பக்கம். கிருமியைக் கொல்லப் பல காலமா பயன்படுறது 254 நானோமீட்டர் விளக்கு. அது கண்ணையும் தோலையும் சுடும், வீட்டுல செய்யற பெட்டிக்கு ஆகாது. 185 நானோமீட்டரும் சேர்ந்து வர்ற விளக்குன்னா ஓசோன் வேற கிளம்பும், அம்மா நுரையீரலுக்கு அது வேண்டவே வேண்டாம். காத்துல மின்னூட்டம் ஏத்தற அயனைசரும் அப்படித்தான், தவிர்த்துடுங்க.

வைரஸ் 0.1 மைக்ரான், ஃபில்டர் 0.3க்குத்தானேன்னு சிலர் பயமுறுத்துவாங்க. 0.3 மைக்ரானைச் சுத்தி இருக்கிற துகளைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். அதைவிடச் சின்னது நேரா போகாம தத்தளிச்சுக்கிட்டே போய் நார்ல ஒட்டிக்கும். அதோட வைரஸ் தனியா பறக்கறதில்லை, எச்சில் துளி காய்ஞ்ச துகளோடதான் வரும். ஊதுபத்திப் புகையும் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குக் கீழ்தான், அதனால உங்க சோதனை சரியான சோதனை.

வடசென்னைக்காரி:
பட்டையைக் கழட்டிட்டேன். இடுக்கெல்லாம் ஃபோம் டேப், சிலிக்கான் வெச்சு அடைச்சேன். இப்போ கையில காத்தே தெரியலை. ஆனா அரை மணி நேரத்துல 400லேர்ந்து 250க்கு வந்துச்சு! காத்து குறைஞ்சு சுத்தம் கூடியிருக்கு. இது போதுமா?

பெரம்பூர் ஏசி மெக்கானிக்:
போதாதும்மா. கணக்குப் போட்டுப் பாரு. உன் ரூம் 1200 கன அடி. மணிக்கு அஞ்சு தடவையாவது சுத்தமான காத்து மாறணும்னு அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2023 மே மாசம் சொல்லுச்சு. அப்படின்னா நிமிஷத்துக்கு 100 கன அடி. மெஷின் போடாம குறையறதைக் கழிச்சா, உன் பழைய 290க்கு நிமிஷத்துக்கு 5 கன அடிதான் வருது. இப்போ 11. அடைச்சதுல ரெண்டு மடங்காச்சு, ஆனா ஒத்தை ஃபேனுக்கு இந்த ஹெபா பெரிய பாரம்.

காத்தை அவ்வளவா தடுக்காத ஃபில்டரா, பரப்பு அதிகமா போடு. ஃபில்டருக்கான மெர்வ் அளவுல 13 தரம் போதும். ஹெபா ஒரு தடவையில 99.95 சதவீதம் பிடிக்கும், இது அதைவிடக் கம்மிதான். ஆனா காத்து பல மடங்கு ஓடும், மொத்தத்துல அதுதான் கணக்கு. 2020ல அமெரிக்காவுல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் ரெண்டு பேர் பேர்ல வந்த பெட்டி இதே யோசனைதான். பெரிய கட்டடத்து ஏசிக்குப் போடற ஏ.ஹெச்.யூ. ஃபில்டர் விக்கிற கடையில கேளு. ரெண்டு ஃபில்டர் பலகை எதிரும் புதிருமா, மத்த பக்கம் சன்பேக் ஷீட்ங்கற பிளாஸ்டிக் அட்டை, ஒரு பக்கத்துல நாலு ஃபேன் வெளியே ஊதற மாதிரி. 12 வோல்ட், ரெண்டு ஆம்பியர் அடாப்டர் தாங்கும். கரன்ட் போனா பேட்டரியிலயும் ஓடும். ஃபில்டர் மேல போட்டிருக்கிற அம்புக்குறி காத்து போற பக்கம் பார்க்கணும், அதைத் திருப்பிடாதே.

வடசென்னைக்காரி:
சார், உங்க யோசனைப்படி செஞ்சு முடிச்சேன். நாலு ஃபேன், ரெண்டு பலகை, மூலை மூலையா அலுமினிய டேப். நேத்து சோதனை: 400லேர்ந்து அரை மணி நேரத்துல 45. ரெண்டு தடவை பார்த்தேன், ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட அதே.

பெரம்பூர் ஏசி மெக்கானிக்:
அருமை. மெஷின் போடாம குறையறதைக் கழிச்சா நிமிஷத்துக்கு 80 கன அடி. ஜன்னலைத் திறந்து வெச்சா மிச்சம் அதுவே குடுக்கும். தாம்பரம் சானடோரியம் 1928லயே காசநோய்க்காரங்களுக்கு நல்ல காத்தை நம்பித்தான் ஆரம்பிச்சாங்க. ராத்திரி கொசுவலை போட்ட ஜன்னலையாவது ஒரு சாண் திறந்து வை.

நுண்ணுயிர்மாணவி:
ஒண்ணு ரெண்டு சொல்லிடறேன் அக்கா. ஃபில்டரைக் கழுவாதீங்க, சானிடைசர் அடிக்காதீங்க. அந்த நார்ல இருக்கிற மின்னூட்டம் ஆல்கஹால் பட்டாப் போயிடும், அப்புறம் துகள் ஒட்டாது. மாசம் ஒரு தடவை இதே ஊதுபத்திச் சோதனை பண்ணுங்க, எண் மோசமானா மாத்துங்க. மாத்தறப்போ மாஸ்க் போட்டு, பழசைக் கவர்ல கட்டிப் போடுங்க. பையன் அம்மா மேல குனிஞ்சு பேசினா எந்த மெஷினும் தடுக்காது, சளி இருக்கிற நாள்ல அவன் என்95 போடட்டும்.

வடசென்னைக்காரி:
பெட்டியை எங்கே வைக்கிறது? இப்போ கட்டிலுக்கு அடியில இருக்கு.

சாலிடர்கை:
அடியில வேண்டாம், காத்து முட்டிக்கும். பையன் உட்கார்ற நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஸ்டூல் போட்டு வைங்க. ஃபேன் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும், அவன் மூச்சை அம்மா பக்கம் ஊதக் கூடாது. ரெண்டு பலகைக்கும் ஒரு அடி இடம் விடுங்க.

வடசென்னைக்காரி:
வெச்சாச்சு அண்ணா. பையன் மாஸ்க் போட்டுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்து பாட்டிக்குப் பேப்பர் படிச்சுக் காட்டறான். சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதான்னு அம்மாவைக் கேட்டேன், பழைய மேசை ஃபேனை விடக் கம்மிதான்னாங்க.