மழையில் நிற்கும் கயிறு யூனிட்: ஆள் சேர்க்கலாமா?

கேள்வி: குளச்சல் பக்கம் கயிறு யூனிட், 8 பெண்கள். மழைன்னா தேங்காய் நார் காயாது, வேலை நிக்குது, ஆட்களும் போயிடுறாங்க. இன்னும் 3 பேரைச் சேர்த்தா செலவு என்ன ஆகும்? பி.எம்.இ.ஜி.பி. (மத்திய அரசு மானியத்தோட வரும் தொழில் கடன்) கிடைக்குமா?

பதில் 1: 10 பேரானா இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வரும். முதலாளி பங்கு 3.25%, தொழிலாளி 0.75%. ஒருத்தர் மாசச் சம்பளம் 10,000 ரூபாய்னா உங்க கையிலிருந்து 325 ரூபாய்தான். பிரசவ விடுப்புச் சம்பளமும் அதில் உண்டு, பயந்து 9-லேயே நிக்காதீங்க. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 20 பேரானாத்தான்.

பதில் 2: பி.எம்.இ.ஜி.பி. முதல் கடன் புது யூனிட்டுக்கு மட்டும்தான். மானியமும் 3 வருஷம் வங்கியில் முடங்கியிருக்கும், உடனே கைக்கு வராது.

பதில் 3: முதல்ல நாரைப் பாருங்கண்ணே. நம்ம ஊருக்குத் தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழை. மழைக்கு முன்னாடி வெயில்லயே நல்லாக் காயவெச்சு, தரையில் படாம பலகை மேல அடுக்கி மூடுங்க. ஈரத்தோட கட்டினா பூஞ்சை பிடிச்சு நிறம் கறுக்கும், விலை விழும். மழையிலும் வாரம் 4 நாள் வேலை உறுதின்னா ஆள் போகாது.