மொறிஸ் மைனர் 1000 (1959): ஷொக் மாத்திறதா, ஸ்பிறிங் மாத்திறதா?

சுன்னாகம்59:

வணக்கம். அப்பப்பா வைச்சிருந்த 1959 மைனர், நாலு கதவு, 948 சிசி. எஞ்சின் வேலை போன வருசம் முடிஞ்சுது. இப்ப ஓட்டம்தான் பிரச்சினை.

வேகத்தடையில ஏறி இறங்கினால் முன்பக்கம் மூண்டு நாலு தரம் தலையாட்டிப்போட்டுத்தான் அடங்குது. சின்னக் கிடங்குக்கும் இடது முன்சில்லுப் பக்கம் "டொக்" எண்டு சத்தம். சமதரையில விட்டுப் பார்த்தால் வலப்பக்கம் சரிஞ்சு நிக்குது. முன்சில்லின்ர நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் அளந்தன், வலது 2 செ.மீ. குறைவு.

மெக்கானிக் சொல்லுறார், பழைய ஷொக் இனிச் சரிவராது, ஜப்பான் வானின்ர குழாய் ஷொக் ரெண்டு வாங்கி, மட்காட் உள்தகட்டில பிறக்கற் ஒட்டிப் பூட்டுவம் எண்டு. இன்னொருத்தர் முன் ஸ்பிறிங் இளகிப்போட்டுது, சோடியா மாத்து எண்டுறார். வெக்கத்தை விட்டுக் கேக்கிறன், முன்னுக்குக் குனிஞ்சு பார்த்தால் சுருள் ஸ்பிறிங் ஒண்டையும் காணேல்லை. ஆரும் கழட்டிக்கொண்டு போட்டினமோ?

நாலு ஷொக்கும் ரெண்டு பின் ஸ்பிறிங்கும் இங்கிலாந்தில இருந்து எடுக்கக் கணக்குப் பார்த்தன். கப்பல் கூலியோட தலை சுத்துது. எதை முதல் வாங்க?

வெள்ளவத்தை_வான்:

பின்னுக்கு நான் குழாய் ஷொக் போட்டு நாலு வருசம். கிற்றா வந்தது, போல்ற்றிலயே பூட்டினது, ஒட்டு வேலை இல்லை. நல்லாத்தான் ஓடுது. முன்னுக்கும் போடலாம், கன யோசிக்காதேங்கோ.

பழைய_கறாச்:

தம்பி, ஒருத்தரும் கழட்டேல்லை. மைனருக்கு முன்னுக்குச் சுருள் ஸ்பிறிங் எந்தக் காலத்திலையும் இருந்ததில்லை. கீழ படுத்துப் பாருங்கோ, சில்லின்ர கீழ்க்கையில இருந்து பின்னால, தரைத்தகட்டை ஒட்டி நீட்டா ஒரு உருக்குக் கம்பி போகும். அதுதான் ஸ்பிறிங். சில்லு மேல எழும்பினால் கம்பி முறுகும், விட்டால் திரும்பும். ரோர்சன் பார் எண்டுவம். 1948இல கார் வந்த நாளில இருந்து கடைசி வரைக்கும் அதேதான்.

ஷொக்கும் நீங்கள் நினைக்கிற சாமான் இல்லை. மட்காட்டுக்கு உள்பக்கம் நாலு போல்ற்றில ஒரு வார்ப்புப் பெட்டி இருக்கும். அதுக்குள்ள பிஸ்டனும் ஒயிலும். வெளியால வாற கைதான் ஷொக்கின்ர லீவர், அதேதான் சில்லை மேலால பிடிச்சிருக்கிற கையும். ஆகவே உங்கட மெக்கானிக் குழாய் ஷொக் பூட்டினாலும் பழைய பெட்டி அங்கைதான் நிக்க வேணும். அதின்ர அச்சு தேய்ஞ்சிருந்தால் சில்லின்ர மேல்பக்கம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். புது ஷொக் அந்த ஆட்டத்தை நிப்பாட்டாது. மற்றது, அந்த உள்தகடு ஷொக்கின்ர உதையை வாங்கச் செய்த தகடில்லை. அப்பிடி ஒட்டின ரெண்டு கார் என்ர கைக்கு வந்தது, ரெண்டிலையும் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில வெடிப்பு. வெள்ளவத்தைத் தம்பி சொல்லுறது பின்பக்கத்துக்குச் சரி. அங்கை ஷொக் ஷொக் வேலை மட்டும்தான் பாக்குது.

ஒண்டும் வாங்காதேங்கோ. முதல் இதுகளைச் செய்து பாத்துச் சொல்லுங்கோ.

பின்பக்கம் அளந்தனீங்களோ? முன்னுக்குச் சரிவு தெரிஞ்சால் எல்லாரும் முன்னுக்குத்தான் குடைவினம். சமதரையில விட்டு, முன்சில்லுக்குக் கட்டை வைச்சு, பின் அச்சின்ர நடு உருண்டைக்குக் கீழ ஜக்கை வைச்சுப் பின்சில்லு ரெண்டும் நிலத்தை விடுற அளவுக்கு மட்டும் எழுப்புங்கோ. இப்ப பின்பக்கம் ஒரு புள்ளியில நிக்குது, சரிவைத் தீர்மானிக்கிறது முன்பக்கம் மட்டும்தான். கார் நேராகினால் குற்றம் பின்னுக்கு. சரிவு அப்பிடியே நிண்டால்தான் ரோர்சன் பாரைப் பற்றிக் கதைக்கலாம். காருக்குக் கீழ தலையை விடாமல் எட்ட நிண்டு பாருங்கோ.

பிறகு ஷொக் மேல இருக்கிற ஒயில் மூடியைத் திறவுங்கோ. திறக்க முதல் சுத்தி இருக்கிற மண்ணைப் பிறஷ் போட்டுத் துடைச்சுப்போடுங்கோ. ஒரு துணிக்கை மண் உள்ள விழுந்து வால்வில இருந்தாலே ஷொக் செத்துப்போம். அப்பிடியே அந்த நாலு போல்ற்றையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கோ.

கடைசியா ஒண்டு, இது ஷொக்கைவிட முக்கியம். கீழ் ட்றனியனுக்கு, அதுதான் சில்லைப் பிடிக்கிற தண்டு கீழ்க்கையோட சேருற புரி மூட்டுக்கு, கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சது? மைனரின்ர சில்லு ஓட்டத்தில கழண்டு மட்காட்டுக்குள்ள மடங்கினது எண்டு கேள்விப்பட்டிருப்பியள். அது அந்தப் புரி தேய்ஞ்சு வழுக்கினதாலதான். 1000 மைலுக்கு ஒருக்கா அடிக்க வேணும், அதுவும் சில்லை எழுப்பி வைச்சு. நிலத்தில நிக்கேக்கை அடிச்சால் பாரம் அமத்திற பக்கத்துக்குக் கிறீஸ் போகாது.

கோவை_பேபி:

அண்ணா சொல்றதுதான் சரி. எங்க தாத்தா வண்டி பேபி ஹிந்துஸ்தான். பேர்தான் வேற, அதுவும் மைனர்தான். நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சேர்த்துக்கோங்க. ஷாக்ல ஆயில் இல்லைன்னு 40 நம்பர் இன்ஜின் ஆயிலை ஊத்திட்டேன். கெட்டியா இருந்தா வண்டி ஸ்டடியா நிக்கும்னு ஒரு கணக்கு. காலையில எடுத்தா மாட்டு வண்டி தோத்துது. மத்தியானம் ஆயில் சூடாகி இளகினதும் பழையபடி தொட்டில். மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குக்கு ஊத்துற 20 நம்பர் ஆயில் ஊத்துங்க, போதும். பிரேக் ஆயில் பக்கமே போகாதீங்க.

ஊத்தறப்ப ஷாக்கோட கையை மேலேயும் கீழேயும் முழு தூரம் ஆட்டி ஆட்டி ஊத்தணும். உள்ளே காத்து நின்னா நடுவுல ஒரு இடம் வெறுமையா போகும்.

சுன்னாகம்59:

ரெண்டு நாள் வேலை. சொல்லுறன்.

பின்பக்கம் அளந்தன்: வலது 3½ செ.மீ. குறைவு! முன்னுக்கு இருந்ததைவிட மோசம், நான் பாக்கவே இல்லை. ஜக் வைச்சு எழுப்பினவுடன கார் நேரா வந்திட்டுது. மச்சானைக் கொண்டு முன்பக்கம் அளப்பிச்சன், வித்தியாசம் அரை செ.மீ. கூட இல்லை.

வலது ஷொக்கில ஒயில் பாதிக்குக் கீழ. இடதில ஒயிலே இல்லை, அடியில கறுப்புப் பசை மாதிரி ஒண்டு. இடது பெட்டியின்ர நாலு போல்ற்றில ரெண்டு கையாலேயே சுத்துது. ஷொக் கையின்ர நுனியில இருக்கிற றப்பர் புஸ் பிஞ்சு, ஒரு பக்கம் இரும்போட இரும்பு முட்டின தடம் பளபளவெண்டு இருக்கு. ட்றனியனுக்குக் கிறீஸ் அடிக்கிற நிப்பிள் ஒண்டில பெயின்ற் அடைச்சு இருந்தது. எத்தினை வருசம் கிறீஸ் போகேல்லையோ தெரியாது.

பழைய_கறாச்:

உங்கட "டொக்" கிடைச்சிட்டுது. றப்பர் புஸ்ஸும் அந்த ரெண்டு போல்ற்றும். மலிவான சாமான்.

நிப்பிளைக் கழட்டிப் புதுசு போட்டுக் கிறீஸ் அடியுங்கோ. பழைய கறுப்புக் கிறீஸ் வெளியால வந்து, புதுசு வரும் வரைக்கும். அடிச்ச பிறகு சில்லை மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. புரியில ஆட்டம் இருந்தால் ஓடாதேங்கோ. இடதுக்கும் வலதுக்கும் புரி எதிர்த்திசை, வாங்கேக்கை பக்கம் சொல்லி வாங்க வேணும்.

ஷொக்கைக் கழட்ட வேண்டி வந்தால் ஜக்கைக் கீழ்க்கைக்குக் கீழ வையுங்கோ, சேஸிக்குக் கீழ இல்லை. கம்பி முறுகின கோவத்தோடதான் நிக்குது. மேல்கை விட்டதும் கீழ்க்கை பாய்ஞ்சு இறங்கும்.

கையைக் கழட்டின உடன ஷொக்கைப் பரிசோதிக்கிறது ஒரு நிமிச வேலை. ஒயில் விட்டு, காத்தெடுத்து, கையை மெல்ல மேல கீழ தள்ளுங்கோ. தேனுக்குள்ள கரண்டி போறமாதிரி ரெண்டு பக்கமும் ஒரே பாரம் இருக்க வேணும். பிறகு கையை முன்பின்னாய் ஆட்டுங்கோ. அச்சு துளைக்குள்ள லொடலொடத்தால் அந்தப் பெட்டிக்கு ஒயிலால உயிர் குடுக்கேலாது.

இனிப் பின் ஸ்பிறிங். அது தகடு தகடா அடுக்கின ஸ்பிறிங். அதை அச்சோட கட்டிற யூ போல்ற் பக்கம் வயர் பிறஷ் போட்டுக் கறளை எடுத்து, தகடு தகடாப் பாருங்கோ. முன் ஹாங்கரையும் குத்திப் பாருங்கோ. ஸ்பிறிங்கின்ர முன்கண் பூட்டுற அந்த இடம் கறள் பிடிச்சிருந்தால் புது ஸ்பிறிங் போட்டும் சரிவு போகாது.

ஹரோ_மைனர்:

இலண்டனில இருந்து எழுதுறன், 1965 மைனர் வைச்சிருக்கிறன். வாங்கிறதைப் பற்றி ரெண்டு சொல்.

முன் ஷொக் புதுசாத் தேடி அலையாதேங்கோ. இஞ்ச எல்லாரும் பழுது பாத்த ஷொக்தான் மாத்து முறையில எடுக்கிறது. பழசைக் குடுத்தால்தான் அந்த விலை, குடுக்காட்டி மேலதிக காசு. ஆனபடியா கழட்டின பெட்டியை இரும்புக்குப் போட்டிடாதேங்கோ. கேக்க வேண்டிய கேள்வி ஒண்டுதான்: துளையைக் கடைஞ்சு புது புஸ் போட்டதோ, சீல் மட்டும் மாத்திப் பெயின்ற் அடிச்சதோ? பெயின்ற் அடிச்சது நல்ல வடிவா இருக்கும், மூண்டு மாசத்தில ஒழுகும். நான் காசு குடுத்துப் படிச்ச பாடம்.

பின் ஸ்பிறிங் கேக்கேக்கை சலூன், அதாவது உங்கட மாதிரிச் சாதாரண கார், எண்டு அழுத்திச் சொல்லுங்கோ. ட்றவலர், வான், பிக்கப்புக்கு வாறது பாரமான ஸ்பிறிங், சலூனுக்கும் பூட்டுப்படும். பூட்டினால் வால் தூக்கின வாத்து மாதிரி நிக்கும், வெறுமனே ஓடேக்கை துள்ளும். சோடியாத்தான் மாத்த வேணும்.

ஒரு காலத்தில, 1990களில, இலங்கையிலயே மைனர் உதிரிகள் செய்து இஞ்ச ஏத்தினவை. இப்ப நாங்கள் அங்கை அனுப்பிறதைப் பற்றிக் கதைக்கிறம்.

கோவை_பேபி:

ஒரு டவுட். லீஃப் பட்டையை லோக்கல்லயே பட்டறையில வளைச்சு வாங்கக் கூடாதா? நான் அப்படித்தான் பண்ணினேன்.

பழைய_கறாச்:

செய்யலாம், செய்யிற ஆளைப் பொறுத்தது. குளிரில சுத்தியலால அடிச்சு வளைச்சுத் தந்தால் மழைக்கு முதல் திரும்பப் படுத்திடும். நெருப்பில வைச்சு, ஒயிலில தோய்ச்சு, பிறகு பதம் இறக்கத் தெரிஞ்ச கொல்லன் வேணும். சரிவு எண்டு சொல்லி லொறித் தகடு ஒண்டைக் கூடச் சொருகிற பழக்கம் இருக்கு, அதுக்குச் சம்மதிக்காதேங்கோ. கழட்டமுன் தகட்டை எண்ணி, தடிப்பை அளந்து எழுதி வையுங்கோ.

சுன்னாகம்59:

ஒரு கிழமையா எழுதேல்லை, மன்னிக்கவும்.

வலது ஸ்பிறிங்கில ரெண்டாவது தகடு உடைஞ்சிருந்தது. யூ போல்ற்றுக்குப் பக்கத்தில, கறளுக்குள்ள மூடுண்டு. விரலால தடவேக்கை நகம் மாட்டினதாலதான் தெரிஞ்சுது. ஹாங்கர் ரெண்டும் கெட்டியா இருக்கு. ஸ்பிறிங் சோடி, சலூனுக்கு, சொல்லி வைச்சாச்சு.

முன்னுக்கு ரெண்டு பக்கமும் புஸ் மாத்தி, போல்ற் இறுக்கி, 20 நம்பர் ஒயில் விட்டன். ட்றனியனில ஆட்டம் இல்லை. "டொக்" நிண்டிட்டுது. வலது ஷொக் அருமை, மட்காட்டை அமத்தி விட்டால் ஒருக்கா எழும்பி நிக்குது. இடது நாலு நாள் நல்லா இருந்தது, பிறகு அச்சுப் பக்கத்தால ஒழுகி, பெட்டிக்குக் கீழ சில்லு முழுக்க ஒயில். கையை ஆட்டினால் லொடலொடப்பும் இருக்கு. ஆக வாங்கிறது ஒரு முன் ஷொக், பின் ஸ்பிறிங் சோடி. நாலு ஷொக் கணக்கைக் கிழிச்சுப்போட்டன். மெக்கானிக்கும் வந்து பார்த்தவர். ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனார்.

பழைய_கறாச்:

நல்லது. ஸ்பிறிங் வந்து பூட்டேக்கை கண் போல்ற், ஷேக்கிள் நட் எல்லாத்தையும் முதல் லேசாப் போட்டு, காரைச் சில்லில இறக்கி, ரெண்டு பேரை ஏத்தி இருத்தி, பிறகு இறுக்குங்கோ. தொங்கேக்கை இறுக்கினால் றப்பர் புஸ் முறுகினபடி நிண்டு கெதியில பிஞ்சிடும். 200 மைல் ஓடி யூ போல்ற்றைத் திரும்ப இறுக்குங்கோ. ரோர்சன் பாரைத் தொடுறது அதுக்குப் பிறகு, தேவை வந்தால் மட்டும்.

ஓ, ரயருக்குக் காத்து எவ்வளவு?

சுன்னாகம்59:

பெற்றோல் செட்டில 35 அடிச்சுத் தந்தவங்கள்.

பழைய_கறாச்:

அட கடவுளே. கைநூலில 22 தொடக்கம் 24. நாளைக்கே இறக்குங்கோ, பாதித் துள்ளல் அதில போகும்.

ஹரோ_மைனர்:

இடது ஷொக் ஒண்டு மாத்துக்கு எடுத்துத் தரலாம், தனிமடலில எழுதுங்கோ. பழசை அனுப்ப முதல் ஒயிலைச் சொட்டில்லாமல் வடிச்சு, மூடியை இறுக்கி, பொலித்தீனில ரெண்டு சுத்துச் சுத்தி அனுப்புங்கோ. போனமுறை ஒருத்தர் அனுப்பின பொதிக்குள்ள ஷொக்கோட மிளகாய்த்தூளும் இருந்தது. ரெண்டும் கலந்து வந்து சேர்ந்தது.