ஆர்பிட்டாலுக்குத் தமிழ்ச்சொல்: ‘சுற்றகம்’ பொருந்துமா?

அன்புடையீர்,

அணுவில் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு மிகுந்த பகுதியான ஆர்பிட்டாலுக்குச் (orbital) ‘சுற்றகம்’ என்னும் சொல்லை முன்மொழிந்த நண்பரின் மடலைப் படித்தேன். ஆர்பிட் என்பது சுற்றுப்பாதையானால், அதன் வழிவந்த சொல்லும் ‘சுற்று’ என்னும் வேரிலிருந்தே பிறக்க வேண்டும் என்கிறார். சொல்லாக்க முறைப்படி அது சரியே. ஆனால், வகுப்பில் அந்த வேர்தான் இடறுகிறது.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஞாயிறுதோறும் பதினோராம் வகுப்பு மாணவர் சிலருக்கு வேதியியலைத் தமிழில் விளக்கி வருகிறேன். டால்டனின் பிளக்கவியலாத அணு, 1904இல் தாம்சன் தந்த மாதிரி (பழத்தில் விதைகள்போல எலக்ட்ரான்கள் பதிந்திருக்கும் என்னும் தர்பூசணி உவமை இன்றும் கைகொடுக்கிறது), 1911இல் ரூதர்ஃபோர்டு கண்ட அணுக்கரு, 1913இல் நீல்ஸ் போர் வகுத்த சுற்றுப்பாதைகள் என்று பாடம் தடையின்றிச் செல்லும். 1926க்கு, அதாவது எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். ஆர்பிட்டாலை வரையச் சொன்னால், முந்தைய வாரம் வரைந்த வட்டத்தையே மீண்டும் வரைகிறார்கள். இந்தி நூல்களின் ‘கக்ஷா’ (ஆர்பிட்), ‘கக்ஷக்’ (ஆர்பிட்டால்) என்னும் இணையும் இதே குழப்பத்தைத்தான் தருகிறது.

ஹைட்ரஜனின் தாழ்நிலையை, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையை எடுத்துக்கொள்வோம். போரின் கணக்கில் எலக்ட்ரான் 53 பைக்கோமீட்டர் ஆரத்தில் ஓர் அலகு கோண உந்தத்துடன் (சுற்றும் இயக்கத்தின் அளவு) சுற்றுகிறது. ஷ்ரோடிங்கரின் கணக்கிலும் எலக்ட்ரானைக் காண வாய்ப்பு மிகுந்த தொலைவு அதே 53 பைக்கோமீட்டர்தான். கோண உந்தமோ பூச்சியம். எண் மாறாமல் பொருள் மட்டும் தலைகீழாக மாறும் இந்த இடமே அணு மாதிரிகளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுற்றவே சுற்றாத ஒன்றைச் சுற்றகம் என்று எழுதிவிட்டு, அதன் பிறகு ‘இது சுற்றாது’ என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

1932இல் அமெரிக்க அறிவியலாளர் முல்லிக்கன் ஆர்பிட்டால் என்னும் பெயரை வழங்கியபோது, ஓர் எலக்ட்ரானின் அலைச்சார்பைக் (அதை அலையாக விவரிக்கும் கணிதக் கோவை) குறிக்கும் நீண்ட தொடரைத்தான் சுருக்கினார். அவர் காலத்து அறிஞர்களுக்குப் பழைய மாதிரி நன்கு தெரிந்திருந்ததால் பெயர் ஒற்றுமை அவர்களைக் குழப்பவில்லை. நம் மாணவர்கள் இரண்டையும் ஒரே மாதத்தில் கற்கிறார்கள்.

இன்னொருவர் பரிந்துரைத்த ‘உறைவெளி’ செவிக்கு இனியதுதான். எனினும் வேதியியலில் உறைநிலை, உறைதல் ஆகியவை ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டன. ஆகவே ‘உலவுவெளி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. உலவுவதற்கு வகுத்த பாதை வேண்டியதில்லை. மூலக்கூறு உலவுவெளி, இனக்கலப்பு உலவுவெளி என்று அடைகளும் தடையின்றிச் சேர்கின்றன.

ஆர்பிட்டால் என்பது அடிப்படையில் ஒரு சார்பு, அதை ‘வெளி’ எனலாமா என்று இயற்பியலார் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. மேல்வகுப்புகளில் ‘உலவுவெளிச் சார்பு’ என்று விரித்து எழுதலாம். பள்ளி அளவில் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு மிகுந்த பகுதி என்றே கற்பிக்கிறோம் என்பதால் ‘வெளி’ அங்கே பொருந்தும். பாதையை நினைவூட்டாத, இதைவிடச் சிறிய சொல் யாரிடமேனும் இருந்தால் என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.