பெரியவர்களாக விசாரிக்கப்படும் சிறார்கள்: எண்ணிக்கையும் ரகசியமா?

கேள்வி:
கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட 16 வயது நிறைந்த சிறாரை, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு (அக்குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறனும் அதன் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனும் அவருக்கு இருந்ததா என்ற ஆய்வு) செய்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றாலும், 21 வயது வரை அவரைச் சிறையில் அல்ல, 'பாதுகாப்பு இடம்' எனப்படும் தனி இல்லத்தில்தான் வைக்க வேண்டும். ஓராண்டில் மாவட்டவாரியாக எத்தனை பேர் இவ்வாறு அனுப்பப்பட்டனர், இப்போது பாதுகாப்பு இடத்தில் எத்தனை பேர், 21 வயதில் சிறைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருந்தேன். "சிறார் நீதிச் சட்டப் பிரிவு 74-இன்படி வழங்க இயலாது" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஒரு பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மேல்முறையீடு நிற்குமா?

பதில் (வழக்குரைஞர்):
நிற்கும், ஐயா. பிரிவு 74 தடை செய்வது பெயர், முகவரி, பள்ளி போன்ற, சிறாரை அடையாளம் காட்டும் விவரங்களைத்தான். "நாங்கள் தொகுக்கவில்லை" என்று அடுத்து சொல்வார்கள். ஆனால் பிரிவு 16-இன்படி, நிலுவை வழக்குகளின் விவரத்தைக் குழுமம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமைக் குற்றவியல் நடுவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அளித்தாக வேண்டும். இன்னொரு கேள்வியையும் தனி மனுவாகக் கேளுங்கள். குழுமத்தில் குழந்தை உளவியல் படித்த உறுப்பினர் இல்லையென்றால் மதிப்பீட்டுக்கு உளவியல் வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. எத்தனை மதிப்பீடுகளில் அப்படிப் பெற்றார்கள்? உங்கள் மூன்று கேள்விகளையும்விட, என் பார்வையில், இதற்கான பதில்தான் அதிகம் சொல்லும்.

பதில் (முன்னாள் ஆற்றுப்படுத்துநர்):
சட்டம் சரி; ஆனால் எண்ணும் சில இடங்களில் பெயராகிவிடும். நான் பணியாற்றிய சிறார் இல்லத்தில் வாசலறைக் கரும்பலகையில் தினமும் காலையில் சாக்பீஸால் மொத்தம், நீதிமன்றம் சென்றவர், மருத்துவமனையில் இருப்பவர் என்று எழுதி, மறுநாள் அழித்துவிடுவார்கள். பெரியவராக விசாரிக்கப்படுபவருக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. ஒரு சமயம் அப்படி ஒரே ஒரு பையன்தான் இருந்தான். அந்த மாவட்டத்தில் "17 வயது, கொலை வழக்கு, ஒருவர்" என்று வெளியிட்டிருந்தால், அவன் தெருவில் யாருக்கும் பெயர் தேவைப்பட்டிருக்காது. ஆகவே மாநில அளவில் கேளுங்கள். ஐந்துக்குக் குறைவான எண்ணை "ஐந்துக்குக் கீழ்" என்று தந்தால் போதும் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

மற்றொன்று: 21 வயதில் எல்லோரும் சிறைக்குச் செல்வதில்லை. பிரிவு 20-இன்படி, அந்த இளைஞர் திருந்தியிருக்கிறாரா என்று நீதிமன்றம் மதிப்பிட்டு, நிபந்தனைகளுடன் விடுவிக்கவும் முடியும். விடுவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கேட்காமல் சிறைக்குச் சென்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மாவட்டவாரி என்று கேட்டது என் அவசரம். மேல்முறையீட்டில் மாநில மொத்தமாக மாற்றிக்கொள்கிறேன். உளவியல் வல்லுநர், 21 வயதில் விடுவிக்கப்பட்டவர்கள் பற்றிய இரண்டு கேள்விகளும் புதிய மனுவாகப் போகும். முதல் மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.